ரேம் கூட்டிய பின் ஸ்வாப் இடம் எவ்வளவு வேண்டும்?

ஸ்வாப் இடம் என்பது, ரேமில் இருக்கும் தகவல்களுள் அப்போதைக்குத் தேவைப்படாதவற்றை எடுத்து வைப்பதற்காக இயங்குதளம் வட்டில் ஒதுக்கிக்கொள்ளும் இடம் ஆகும். தமிழில் இதை இடமாற்று நினைவகம் என்றும் எழுதுவர். லினக்ஸில் இது தனி வட்டுப் பிரிவாகவோ சாதாரணக் கோப்பாகவோ இருக்கலாம். விண்டோஸில் பேஜ் ஃபைல் என்னும் மறைகோப்பு இதே வேலையைச் செய்கிறது.

கணினியில் புதிதாக ரேம் போட்டவர்கள் அடுத்துக் கேட்கும் கேள்வி, ஸ்வாப்பையும் அதற்கேற்பக் கூட்ட வேண்டுமா என்பது. "ரேமைப் போல் இரண்டு மடங்கு" என்ற பழைய விதி இன்றும் பல கையேடுகளில் உலவுகிறது. அந்த விதிப்படி 8 ஜிபி ரேமுக்கு 16 ஜிபி ஸ்வாப் வைத்திருந்தவர், ரேமை 16 ஜிபி ஆக்கியதும் ஸ்வாப்பை 32 ஜிபி ஆக்க வேண்டும். நினைவகத் தட்டுப்பாடு குறைந்துவிட்ட நேரத்தில், தட்டுப்பாட்டுக்காக ஒதுக்கிய இடத்தை இரட்டிப்பாக்கு என்று சொல்லும் விதி இது. பெரும்பாலான வீட்டு, அலுவலகக் கணினிகளில் ரேம் கூட்டியதற்காக ஸ்வாப்பைத் தொடவே வேண்டியதில்லை. இதற்கு முக்கியமான விலக்கு ஒன்று உண்டு: ஹைபர்நேட் வசதியைப் பயன்படுத்துவோர். அவர்கள் ஸ்வாப்பைப் பழைய அளவிலேயே விட்டுவிட்டால், மின்கலம் தீரும் ஒரு நாளில் சேமிக்காத வேலை முழுவதையும் இழக்க நேரிடும்.

இக்கட்டுரை முதன்மையாக லினக்ஸைப் பற்றியது. விண்டோஸ், மேக் பற்றிய செய்திகள் இறுதியில் சுருக்கமாக உள்ளன.

ஸ்வாப் செய்யும் வேலை

லினக்ஸ் கெர்னல் ரேமைப் பக்கங்களாகப் பிரித்து ஆள்கிறது. இன்டெல், ஏ.எம்.டி. செயலிகள் கொண்ட கணினிகளில் ஒரு பக்கம் பொதுவாக 4 கேபி அளவுடையது. இந்தப் பக்கங்கள் இரு வகைப்படும். வட்டில் உள்ள கோப்பிலிருந்து படிக்கப்பட்டவை ஒரு வகை. நிரல்களின் கட்டளைத்தொகுப்பு, நூலகங்கள், திறந்து பார்த்த படங்கள், ஆவணங்கள் முதலியன இதில் அடங்கும். இடம் தேவைப்படும்போது கெர்னல் இவற்றைத் தயங்காமல் தூக்கி எறியலாம். மூலக்கோப்பு வட்டிலேயே இருப்பதால் மறுபடி வேண்டுமானால் படித்துக்கொள்ளலாம்.

இன்னொரு வகைப் பக்கங்களுக்குப் பின்னால் கோப்பு எதுவும் கிடையாது. உலாவியில் திறந்து வைத்திருக்கும் டேப்களின் உள்ளடக்கம், விரிதாளில் தட்டச்சு செய்து இன்னும் சேமிக்காத எண்கள், ஒரு நிரல் கணக்கிட்டு வைத்திருக்கும் இடைநிலை விடைகள் எல்லாம் ரேமில் மட்டுமே உயிர்வாழ்பவை. இவற்றைத் தூக்கி எறிந்தால் திரும்பக் கிடைக்காது. இவற்றுக்கான கிடங்குதான் ஸ்வாப்.

ஸ்வாப்பை "ரேம் தீர்ந்தபின் பயன்படும் மெதுவான ரேம்" என்று எண்ணுவது பரவலான வழக்கம். அந்த எண்ணத்தில் பாதிதான் சரி. காலையில் ஒருமுறை ஓடிவிட்டு மாலை வரை கண்விழிக்காத பின்னணிச் சேவைகள் எந்தக் கணினியிலும் உண்டு. அவற்றின் பக்கங்களை ஸ்வாப்புக்கு அனுப்பிவிட்டு, கிடைத்த இடத்தை அடிக்கடி படிக்கும் கோப்புகளுக்குக் கேஷாகக் கொடுப்பது கெர்னலுக்கு லாபம். அதனால்தான் ரேமில் இடம் மிச்சம் இருக்கும்போதே சில நூறு எம்பி ஸ்வாப் பயன்பாட்டில் இருப்பதைக் காணலாம். அது நோயின் அறிகுறி அன்று.

ஸ்வாப்பே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் இங்கேயே பார்த்துவிடலாம். கோப்பில்லாப் பக்கங்களை வெளியேற்ற வழியில்லாததால், கெர்னல் கோப்புப் பக்கங்களையே திரும்பத் திரும்ப எறிய வேண்டியிருக்கும். அவற்றுள் அந்த நொடியில் ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் கட்டளைத்தொகுப்பும் அடக்கம். எறிந்ததை அடுத்த கணமே வட்டிலிருந்து படிக்க வேண்டும். ஆகவே ஸ்வாப்பை அணைத்துவிட்டால் கணினி திணறாது என்று நம்பி அணைத்தவர்கள், ரேம் நிரம்பும் தறுவாயில் சுட்டி நகராமல் வட்டு விளக்கு மட்டும் எரிவதைக் காண்பார்கள். அதன்பின் கெர்னலின் ஓ.ஓ.எம். கில்லர் என்னும் பகுதி எழுந்து, ஏதேனும் ஒரு நிரலைக் கொன்று இடம் பிடிக்கும். பெரும்பாலும் பலியாவது அதிக நினைவகம் பிடித்திருப்பது. அது நீங்கள் வேலை செய்துகொண்டிருக்கும் நிரலாகவே இருப்பது வழக்கம்.

மறுபக்கம், அளவுக்கு மீறிய ஸ்வாப்பும் தொல்லையே. ரேமிலிருந்து ஒரு தகவலை எடுக்க ஏறத்தாழ 100 நானோநொடி ஆகிறது. நல்ல எஸ்.எஸ்.டி.யிலிருந்து எடுக்க ஏறத்தாழ 100 மைக்ரோநொடி. சுழலும் வன்தட்டில் ஏறத்தாழ 10 மில்லிநொடி. ரேமின் வேகத்தை ஒரு நொடி என்று கொண்டால் எஸ்.எஸ்.டி. கால் மணி நேரத்துக்கு மேலும், வன்தட்டு ஒரு நாளுக்கு மேலும் எடுத்துக்கொள்கிறது. நினைவகத்தை விழுங்கிக்கொண்டே போகும் பழுதான நிரல் ஒன்று ஓடுவதாக வைத்துக்கொள்வோம். 2 ஜிபி ஸ்வாப் இருந்தால் அது விரைவில் நிரம்பி, ஓ.ஓ.எம். கில்லர் தலையிட்டு விஷயம் முடிந்துவிடும். வன்தட்டில் 32 ஜிபி ஸ்வாப் இருந்தால் அது நிரம்பும்வரை கணினி எதற்கும் பதில் சொல்லாது. பலர் அதற்குள் பொறுமையிழந்து மின் பொத்தானை அழுத்திவிடுவர். ஆகவே ஸ்வாப்பின் அளவு என்பது, தறிகெட்ட நிரலை எவ்வளவு நேரம் பொறுத்துக்கொள்ளப் போகிறோம் என்ற முடிவும் ஆகும்.

இரண்டு மடங்கு விதியின் வரலாறு

வட்டையும் நினைவகத்தையும் ஒன்றாகப் பாவிக்கும் எண்ணம் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் உருவாகி 1962 இல் அறிமுகமான அட்லஸ் கணினியிலிருந்து தொடங்குகிறது. அதில் 16 ஆயிரம் சொற்கள் கொள்ளும் காந்த வளைய நினைவகமும், 96 ஆயிரம் சொற்கள் கொள்ளும் காந்த உருளையும் இருந்தன. நிரலருக்கு இரண்டும் ஒரே நினைவகமாகத் தெரியும்படி இயந்திரமே பக்கங்களை மாற்றிக்கொண்டது. ரேம் மிகுந்த விலையுடையதாக இருந்த காலம் முழுவதும் இந்த ஏற்பாடு அவசியமாக இருந்தது.

"இரண்டு மடங்கு" என்பதற்கு வெறும் பழக்கம் மட்டுமே காரணம் அன்று. உண்மையான தொழில்நுட்பக் காரணங்கள் இருந்தன. பி.எஸ்.டி. வழிவந்த பழைய யூனிக்ஸ் அமைப்புகளில், நிரல் கேட்கும் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஸ்வாப்பில் முன்கூட்டியே ஓர் இடம் ஒதுக்கப்பட்டது. மொத்த நினைவகம் என்பதே ஸ்வாப்பின் அளவுதான். ரேம் அதற்கு ஒரு வேகமான முகப்பு மட்டுமே. ஸ்வாப் ரேமைவிடச் சிறியதாக இருந்தால் ரேமின் ஒரு பகுதி வீணாகும். 2001 இல் வெளிவந்த லினக்ஸ் 2.4 இன் தொடக்கப் பதிப்புகளிலும் இதையொத்த நிலை இருந்தது. ஸ்வாப்பிலிருந்து ரேமுக்குத் திரும்பிய பக்கம், ஸ்வாப்பில் தான் பிடித்திருந்த இடத்தை விட்டுக்கொடுக்கவில்லை. எனவே ரேமின் அளவுக்கு ஸ்வாப் இருந்தாலும் பயன் ஏதும் கிட்டவில்லை. இரண்டு மடங்கு வைத்தவர்களுக்கே உண்மையான கூடுதல் இடம் கிடைத்தது.

இவ்விரு காரணங்களும் மறைந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. இன்றைய கெர்னல், பக்கத்தை வெளியேற்றும் நேரத்தில்தான் ஸ்வாப்பில் இடம் பிடிக்கிறது. நெருக்கடி வந்தால் திரும்பி வந்த பக்கங்களின் பழைய இடத்தையும் விடுவித்துக்கொள்கிறது. 64 எம்பி ரேம் இருந்த காலத்தில் 128 எம்பி ஸ்வாப் வைப்பது எவருக்கும் பாரமாக இல்லை. 64 ஜிபி ரேமுக்கு 128 ஜிபி வைப்பது, பலருடைய எஸ்.எஸ்.டி.யின் பாதியை விழுங்கிவிடும்.

முடிவெடுக்கும் முன் அளத்தல்

விதிகளைத் தேடுவதைவிட உங்கள் கணினியையே கேட்பது நல்லது. ரேம் போட்டபின் ஓரிரு வாரம் வழக்கமான வேலைகளைச் செய்யுங்கள். கனமான வேலை நடக்கும் நேரத்தில் டெர்மினலைத் திறந்து ஃப்ரீ கட்டளையை இயக்கிப் பாருங்கள். அதில் கவனிக்க வேண்டியது "ஃப்ரீ" என்ற நெடுவரிசையை அன்று. கேஷுக்காகப் பயன்படும் ரேமை அது வெற்றிடமாகக் கணக்கிடுவதில்லை. ஆகையால் நலமாக ஓடும் கணினியிலும் மிகச் சிறிய எண்ணையே காட்டும். "அவைலபிள்" என்ற நெடுவரிசையே, புதிய நிரல் ஒன்றுக்கு உண்மையில் எவ்வளவு இடம் கிடைக்கும் என்ற மதிப்பீடு.

ஸ்வாப் வரிசையில் காணும் எண்ணைவிட, ஸ்வாப்பில் நடக்கும் போக்குவரத்து முக்கியம். விஎம்ஸ்டாட் கட்டளையை ஒரு நொடி இடைவெளியில் ஓடவிட்டால், ஸ்வாப்பிலிருந்து வருவதைக் காட்டும் எஸ்.ஐ. என்ற பத்தியும், ஸ்வாப்புக்குப் போவதைக் காட்டும் எஸ்.ஓ. என்ற பத்தியும் தெரியும். முதல் வரி கணினி தொடங்கியதிலிருந்து எடுத்த சராசரி, அதை விட்டுவிடுங்கள். இரண்டு பத்திகளிலும் சுழியமோ, எப்போதாவது தலைகாட்டும் எண்களோ இருந்தால், ஸ்வாப்பில் 1 ஜிபி கிடந்தாலும் கவலையில்லை; அது தூங்கும் சரக்கு. இரண்டிலும் இடைவிடாமல் பெரிய எண்கள் ஓடினால், பக்கங்கள் வெளியே போன வேகத்தில் திரும்பி வருகின்றன என்று பொருள். அந்த நிலைக்கு மருந்து கூடுதல் ஸ்வாப் அன்று. இன்னும் ரேம் வேண்டும், அல்லது வேலையைக் குறைக்க வேண்டும்.

கெர்னல் 4.20 முதல் இன்னொரு அளவுகோலும் உண்டு. /ப்ராக்/பிரஷர்/மெமரி என்ற கோப்பைப் படித்தால், கடைசி 10, 60, 300 நொடிகளில் நிரல்கள் நினைவகத்துக்காகக் காத்துக்கிடந்த நேரம் விழுக்காட்டில் தெரியும். தட்டுப்பாடு உண்மையில் வேலையைத் தடுக்கிறதா என்பதற்கு இதைவிட நேரான சான்று இல்லை.

ஸ்வாப்பினெஸ் என்ற அமைப்பைப் பற்றி ஒரு சொல். இதன் இயல்பு மதிப்பு 60. "ரேமில் 40 விழுக்காடு மிஞ்சும்போது ஸ்வாப் தொடங்கும்" என்று இதற்கு விளக்கம் சொல்வது தவறு. கோப்புப் பக்கங்களை எறிவதையும் கோப்பில்லாப் பக்கங்களை ஸ்வாப்புக்கு அனுப்புவதையும் ஒப்பிட்டு, எது எவ்வளவு செலவு என்று கெர்னலுக்குச் சொல்லும் எடைக்கல் அது. கெர்னல் 5.8 முதல் இதை 200 வரை வைக்கலாம். ரேம் கூட்டியதும் முதல் வேலையாக இதை 10 ஆக்கச் சொல்லும் அறிவுரை மிகப் பரவலானது. அளந்து பார்த்துக் குறை எதுவும் காணாத கணினியில் இதை மாற்றுவதற்குக் காரணம் இல்லை.

ஹைபர்நேட் செய்வோரின் கணக்கு

ஸ்லீப் நிலையில் ரேமுக்கு மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். ஹைபர்நேட் நிலையில் ரேமின் உள்ளடக்கம் வட்டில் எழுதப்பட்டு, கணினி முழுவதுமாக அணைகிறது. லினக்ஸில் அந்த உள்ளடக்கம் எழுதப்படும் இடம் ஸ்வாப்தான். இங்கு மட்டும் ரேமின் அளவுக்கும் ஸ்வாப்பின் அளவுக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. ரேம் கூட்டினால் கணக்கை மறுபடி போட வேண்டும்.

8 ஜிபி ரேமும் 8 ஜிபி ஸ்வாப் பிரிவும் கொண்ட மடிக்கணினி நெடுநாள் ஒழுங்காக ஹைபர்நேட் ஆகிவந்தது என்று கொள்வோம். ரேமை 32 ஜிபி ஆக்கியபின், முதல் சில நாள்களிலும் அது ஒழுங்காகவே ஆகும். காரணம், எழுதப்படுவது 32 ஜிபி முழுவதும் அன்று. கேஷாக இருக்கும் பக்கங்களைக் கெர்னல் முதலில் உதறிவிடும். எழுத வேண்டிய பிம்பத்தை ரேமின் ஐந்தில் இரண்டு பங்குக்குள் அடக்கவும் இயல்பாக முயலும். ஆனால் அது முயற்சி மட்டுமே, உறுதி இல்லை. ஒரு மெய்நிகர் கணினியையும் நாற்பது டேப்களையும் திறந்து வைத்து 14 ஜிபி கோப்பில்லாப் பக்கங்கள் சேர்ந்த அன்று, அவற்றுக்கு 8 ஜிபியில் இடம் இல்லை. சிஸ்டம்டி ஹைபர்நேட் செய்ய மறுத்துவிடும்.

நீங்களாகக் கட்டளை கொடுத்திருந்தால் பிழைச்செய்தியைப் பார்த்து வேறு வழி தேடலாம். மின்கலம் தீரும் நேரத்தில் தானாக நடக்கும் செயல்தான் ஆபத்தானது. பல லினக்ஸ் மேசைச்சூழல்களில் மின்கலத்தைக் கண்காணிக்கும் யூபவர் என்ற சேவை, ஹைபர்நேட் கிடைக்காவிட்டால் கணினியை அணைத்துவிடும். கூட்டிய ரேமில் கூடுதலாகத் திறந்து வைத்த அனைத்தும் அத்துடன் போயிற்று.

எனவே ஹைபர்நேட் செய்பவர், ரேமின் முழு அளவுக்கும், வழக்கமாக ஸ்வாப்பில் ஏற்கெனவே கிடக்கும் சரக்குக்கும் சேர்த்து இடம் வைப்பதே பாதுகாப்பு. பிம்பம் சுருக்கி எழுதப்படும் என்பதை நம்பி இடத்தைக் குறைக்க வேண்டாம். இன்னொரு கண்ணி இருக்கிறது. பழைய 8 ஜிபி பிரிவோடு 24 ஜிபி கோப்பு ஒன்றைச் சேர்த்தால் சாதாரணப் பயன்பாட்டுக்கு மொத்தம் 32 ஜிபி ஸ்வாப் கிடைத்துவிடும். ஹைபர்நேட் பிம்பமோ ஒரே ஸ்வாப் பகுதிக்குள் அடங்கியாக வேண்டும். இரண்டாகப் பிரித்து எழுதப்படாது.

செக்யூர் பூட் இயங்கும் கணினிகளில் உபுண்டு, ஃபெடோரா ஆகியவற்றின் கெர்னல்கள் பூட்டுநிலைக்குச் சென்று ஹைபர்நேட்டைத் தடுத்துவிடுகின்றன. உங்கள் கணினி அப்படிப்பட்டது என்றால் இந்தக் கணக்கு முழுவதையும் மறந்துவிட்டு, சிறிய ஸ்வாப்போடு நிம்மதியாக இருக்கலாம். எந்தப் பயனும் தராத 36 ஜிபி ஸ்வாப்பை எஸ்.எஸ்.டி.யில் சுமந்துகொண்டிருப்பவர்கள் உண்டு.

வெளியிடப்பட்ட பரிந்துரைகள்

ரெட் ஹாட் நிறுவனத்தின் ஆவணங்கள் ரேம் 2 ஜிபி வரை இருந்தால் அதன் இரு மடங்கும், 2 முதல் 8 ஜிபி வரை ரேமுக்குச் சமமான அளவும், அதற்கு மேல் குறைந்தது 4 ஜிபியும் வைக்கச் சொல்கின்றன. ஹைபர்நேட் வேண்டுமானால் இவை முறையே மூன்று மடங்கு, இரண்டு மடங்கு, ஒன்றரை மடங்கு ஆகின்றன. 64 ஜிபிக்கு மேல் ஹைபர்நேட்டே பரிந்துரைக்கப்படவில்லை. ரேம் கூடக்கூட விகிதம் இறங்குவதைக் கவனிக்கலாம். 8 ஜிபியிலிருந்து 16 ஜிபிக்குப் போகிறவருக்கு இந்தப் பட்டியல் ஸ்வாப்பை 8 இலிருந்து 4 ஆகக் குறைத்துக்கொள்ளவே இடம் தருகிறது.

உபுண்டு உதவிப்பக்கங்களில் வழங்கும் கணக்கு வேறு: ஹைபர்நேட் இல்லையெனில் ரேமின் வர்க்கமூலம், உண்டெனில் ரேமும் அதன் வர்க்கமூலமும் சேர்ந்த தொகை. 16 ஜிபிக்கு 4 அல்லது 20. 32 ஜிபிக்கு முழுமையாக்கினால் 6 அல்லது 38. வர்க்கமூலத்துக்கு அறிவியல் அடிப்படை எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. எனினும், மெதுவாக உயரும் ஓர் எண் வேண்டும் என்ற தேவைக்கு அது நன்றாகவே பொருந்துகிறது. இரண்டு மடங்கு விதியைவிட எவ்வளவோ மேல். உபுண்டு 17.04 முதல், நிறுவும்போது தனிப் பிரிவுக்குப் பதிலாக ஸ்வாப் கோப்பையே உருவாக்கத் தொடங்கியது. அதன் உச்ச அளவாக 2 ஜிபியே வைக்கப்பட்டது.

இந்த 2 ஜிபி எல்லாருக்கும் போதுவதில்லை. உபுண்டு 22.04 இல், நினைவகம் தீருமுன்பே நிரல்களைக் கொல்லும் சிஸ்டம்டி-ஓ.ஓ.எம்.டி. என்ற சேவை இயல்பாகச் சேர்க்கப்பட்டது. ஸ்வாப் பெரும்பகுதி நிரம்பிவிட்டதை அது நெருக்கடியின் அடையாளமாகக் கொள்ளும். ஸ்வாப் சிறியதாக இருந்தால் அந்த அடையாளம் எளிதில் தோன்றிவிடும். திறந்திருந்த உலாவி திடீரென்று மறைந்த அனுபவம் அப்போது பலருக்கு நேர்ந்தது. ஹைபர்நேட் செய்யாத 16 அல்லது 32 ஜிபி மேசைக்கணினிக்கு 4 ஜிபி என்பதே நடுவாந்தரமான நல்ல அளவு என்று கொள்ளலாம். பெரிய நிரல்தொகுப்புகளைக் கட்டுபவர்களும் காணொளித் தொகுப்பாளர்களும் 8 ஜிபி வைக்கலாம். அதற்கு மேல் தேவைப்படுவதாகத் தோன்றினால், மேலே சொன்ன எஸ்.ஐ., எஸ்.ஓ. பத்திகளைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

சேவையகங்களில் சில நேரம் முடிவு நம் கையில் இருப்பதில்லை. ஆரக்கிள் தரவுத்தளத்தை நிறுவும்போது, 4 முதல் 16 ஜிபி ரேமுக்கு அதே அளவு ஸ்வாப்பும், அதற்கு மேல் 16 ஜிபியும் இருக்கிறதா என்று நிறுவி சோதிக்கும். குபெர்னெட்டிஸ் இதற்கு நேரெதிர். ஸ்வாப் அணைந்திருந்தால்தான் வேலை செய்வேன் என்று நெடுங்காலம் அடம்பிடித்தது.

அளவை மாற்றும் முறை

ஸ்வாப் கோப்பாக இருந்தால் வேலை எளிது. வட்டைப் பிரித்து அடுக்க வேண்டியதில்லை. ஸ்வாப்ஆஃப் கட்டளையால் பழைய கோப்பை விடுவிக்க வேண்டும். அப்போது ஸ்வாப்பில் கிடப்பவை எல்லாம் ரேமுக்குத் திரும்ப வேண்டும் என்பதால், ரேமில் இடம் இருக்கும் நேரமாகப் பார்த்துச் செய்ய வேண்டும். இடமில்லையெனில் கட்டளை தோற்கும். அதன்பின் அதே பெயரில் புதிய அளவுக்குக் கோப்பை உருவாக்கி, ரூட் பயனர் மட்டும் படிக்கவும் எழுதவும் முடிகிற 600 என்ற அனுமதியைக் கொடுத்து, எம்கேஸ்வாப், ஸ்வாப்ஆன் ஆகிய கட்டளைகளை வரிசையாக இயக்க வேண்டும். அனுமதியைத் தளர்வாக விட்டால், பிற பயனர்கள் உங்கள் கடவுச்சொற்கள் உட்பட ரேமில் இருந்தவற்றை ஸ்வாப்பிலிருந்து படித்துவிடக் கூடும். எக்ஸ்ட்4 கோப்பு முறைமையில் கோப்பை உருவாக்க ஃபால்அலொகேட் கட்டளை போதும். பல வழிகாட்டிகள் சொல்லும் டிடி கட்டளையில் இலக்கை மாற்றித் தட்டச்சு செய்தால் வட்டில் உள்ளவை அழிந்துவிடும் என்பதால், தேவையின்றி அதைக் கையிலெடுக்க வேண்டாம். பிடிஆர்எஃப்எஸ் முறைமையில் ஸ்வாப் கோப்பு வைக்கக் கெர்னல் 5.0 அல்லது அதற்குப் பிந்தையது வேண்டும். நகலெடுத்து எழுதும் வசதியை அக்கோப்புக்கு அணைத்திருக்கவும் வேண்டும்.

கோப்பின் பெயர் மாறாததால் எஃப்எஸ்டேப் கோப்பில் உள்ள வரியை மாற்றத் தேவையில்லை. தனிப் பிரிவாக இருந்தால் கதை வேறு. பிரிவைப் பெரிதாக்கி எம்கேஸ்வாப் இயக்கியதும் அதன் அடையாள எண் மாறிவிடும். எஃப்எஸ்டேபில் பழைய எண்ணே இருந்தால், கணினி ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் இல்லாத பிரிவுக்காக 90 நொடி காத்திருக்கும். ரேம் கூட்டியபின் கணினி மெதுவாகத் தொடங்குகிறது என்று புதிய ரேம் பலகையைக் குறைசொல்லும் இடங்களில் இதையும் சோதித்துப் பார்ப்பது நல்லது.

ஸ்வாப் கோப்பில் ஹைபர்நேட் செய்பவர்களுக்குக் கூடுதல் எச்சரிக்கை. விழித்தெழும்போது பிம்பம் வட்டில் எங்கே இருக்கிறது என்பதைக் கெர்னலுக்குச் சொல்ல, பிரிவின் அடையாளத்தோடு கோப்பின் தொடக்க இடமும் தொடக்க அளவுருக்களில் எழுதப்பட்டிருக்கும். கோப்பைப் புதிதாக உருவாக்கினால் அந்தத் தொடக்க இடம் மாறும். ஃபைல்ஃபிராக் கட்டளையால் புதிய இடத்தைக் கண்டு, அளவுருவைத் திருத்த வேண்டும். திருத்தாமல் விட்டால் ஹைபர்நேட் ஆகும்போது எந்தப் பிழையும் தெரியாமல் போகலாம். விழிக்கும்போது கெர்னல் பழைய இடத்தில் தேடி, ஒன்றும் காணாமல் புதிதாகத் தொடங்கிவிடும். ஸ்வாப்ஆன் பிம்பத்தின் அடையாளத்தை அழித்து ஸ்வாப்பை வழக்கம்போல் பயன்படுத்தத் தொடங்கும். எழுதப்பட்ட அமர்வு அத்துடன் போய்விடும். ஆகவே மாற்றம் செய்தபின் முதல் ஹைபர்நேட்டை எல்லாவற்றையும் சேமித்துவிட்டுச் சோதனையாகவே செய்ய வேண்டும்.

இசட்ரேம்

வட்டே இல்லாமல் ஸ்வாப் வைக்கும் முறையும் உண்டு. இசட்ரேம் என்பது ரேமின் ஒரு பகுதியையே ஸ்வாப்பாகக் காட்டி, அங்கு வரும் பக்கங்களைச் சுருக்கி வைக்கும் ஏற்பாடு. ஃபெடோரா 33 முதல் இதுவே அங்கு இயல்பான ஸ்வாப். ஃபெடோரா 34 இல் அதன் அளவு ரேமுக்குச் சமமாக, உச்சம் 8 ஜிபி என்று ஆக்கப்பட்டது. 8 ஜிபி இசட்ரேம் என்றால் 8 ஜிபி ரேம் உடனே பறிபோய்விடும் என்று அஞ்சத் தேவையில்லை. பக்கங்கள் வந்து சேரும்போதுதான், அதுவும் சுருங்கிய அளவுக்கே, இடம் பிடிக்கும். ரேம் கூட்டினால் அடுத்த தொடக்கத்தில் இதன் அளவு தானாகச் சரிசெய்யப்படும். கணினி அணைந்தால் இதில் உள்ளது அழியும் என்பதால் ஹைபர்நேட்டுக்கு இது உதவாது.

விண்டோஸும் மேக்கும்

விண்டோஸில் ஹைபர்நேட்டுக்குத் தனிக் கோப்பு இருக்கிறது; விண்டோஸ் 10 இல் அதன் இயல்பான முழு அளவு ரேமின் 40 விழுக்காடு. 32 ஜிபி ரேமுக்கு அது ஏறத்தாழ 13 ஜிபி. எனவே பேஜ் ஃபைலின் அளவுக்கும் ஹைபர்நேட்டுக்கும் அங்குத் தொடர்பில்லை. பேஜ் ஃபைலைக் கணினியே நிர்வகிக்கும்படி விட்டுவிடுவது பெரும்பாலோருக்குச் சரி. ரேம் நிறைய இருக்கிறதே என்று அதை முழுவதும் அணைப்பது நல்லதன்று. விண்டோஸ், நிரல்களுக்கு வாக்களிக்கும் நினைவகத்தின் மொத்தத்தை ரேமும் பேஜ் ஃபைலும் சேர்ந்த எல்லைக்குள் வைத்திருக்கிறது. நிரல்கள் கேட்டு வாங்கிப் பயன்படுத்தாமல் வைத்திருக்கும் நினைவகமும் இந்தக் கணக்கில் வரும். பேஜ் ஃபைலை அணைத்தால் எல்லை இறங்கி, ரேமில் இடம் இருக்கும்போதே "நினைவகம் போதவில்லை" என்று நிரல்கள் நின்றுவிடலாம். நீலத்திரை விழும்போது முழு நினைவகப் பதிவு எடுக்க விரும்புவோருக்குப் பேஜ் ஃபைல் ரேமைவிடச் சற்றுப் பெரியதாக இருக்க வேண்டும்.

மேக் கணினிகளில் ஸ்வாப் கோப்புகள் தேவைக்கேற்ப உருவாகி, தேவை தீர்ந்ததும் மறைகின்றன. 2013 இல் வந்த மேவரிக்ஸ் பதிப்பிலிருந்து பக்கங்களை வட்டுக்கு அனுப்புமுன் ரேமிலேயே சுருக்கிப் பார்க்கும் வழக்கமும் சேர்ந்துகொண்டது. ஸ்வாப்பின் அளவைக் குறிப்பிடும் அமைப்பு எதுவும் அங்குப் பயனருக்குத் தரப்படவில்லை. வட்டில் போதிய காலியிடம் விட்டு வைப்பது மட்டுமே பயனர் செய்ய வேண்டியது.